படத்தில் இருப்பது பாறு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் பாறு கழுகுகள் அருகிவருவது பற்றி அரைப் பக்கத்துக்குக் கட்டுரை வந்திருந்தது. எழுதியவருக்கு அக்கறை இருக்கிறது. தகவல்களிலும் பெரிய பிழை இல்லை. எனக்கு இரண்டு மனத்தாங்கல்கள்.

ஒன்று, நடுவில் பெரிதாகப் போட்டிருந்த வண்ணப் படம். வெள்ளைத் தலை, மஞ்சள் அலகு, முறைத்துப் பார்க்கும் கண். அது அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு. ஆற்றிலும் ஏரியிலும் மீன் பிடித்து வாழ்வது. அந்த நாட்டின் அரசு முத்திரையில் இருப்பது. நம் மாட்டின் பிணத்தை அது கண்ணால் கண்டதில்லை. தமிழில் 'கழுகு' என்று ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டதால் வந்த வினை இது. சங்கப் பாடல்களில் போர்க்களத்துக்குப் பிணம் தின்ன வரும் பறவைக்குப் 'பாறு' என்று தனிப் பெயரே இருக்கிறது. அந்தப் பெயரை மீட்டெடுத்துப் பழக்கத்துக்குக் கொண்டுவரப் பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகப் பாடுபடுகிறார்கள். நீங்களும் தலைப்பில் அதைப் போட்டுவிட்டுப் படத்தில் கைவிட்டுவிட்டீர்கள்.

இரண்டாவது, கட்டுரையின் கடைசி வரி. 'இப்பறவைகளைக் காக்கப் பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும்' என்று முடிகிறது. எதில் ஒத்துழைப்பது? யானையைப் பற்றிய கட்டுரையும் இப்படித்தான் முடிகிறது, கடலாமையைப் பற்றிய கட்டுரையும் இப்படித்தான் முடிகிறது. படிப்பவர் 'ஐயோ பாவம்' என்று நினைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார். பாறு விஷயத்தில் பொதுமக்கள் செய்ய வேண்டியது மிகத் தெளிவானது, சின்னது, இன்றைக்கே செய்யக் கூடியது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அந்தப் பறவைகளைக் கொன்றவர்களில் நானும் ஒருவன்.

நான் கால்நடை மருத்துவன். 1983இல் பணியில் சேர்ந்து 2014இல் ஓய்வு பெற்றேன். முதல் பத்து ஆண்டுகளில், செத்த மாட்டைப் பிணக்கூறு ஆய்வு செய்யப் போகும் இடங்களில் எல்லாம் இந்தப் பறவைகள் எனக்கு முன்னே வந்து காத்திருக்கும். ஊருக்கு வெளியே தோல் உரிக்கும் மேட்டில் பிணத்தைப் போட்டுவிட்டு ஆட்கள் விலகியதும் ஒவ்வொன்றாக இறங்கும். முதலில் தள்ளி உட்கார்ந்து ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும், பந்தியில் முதலில் உட்காரக் கூச்சப்படுகிறவர்களைப் போல. ஒன்று துணிந்துவிட்டால் அப்புறம் அடிபிடிதான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தால் விலா எலும்புகள் கூடாரக் கம்பிகள் மாதிரி நிற்கும். ஈ இருக்காது. எனக்கு அவற்றின் மேல் பிரியம் ஏதும் இருந்ததில்லை. கல்லீரல் துண்டைப் புட்டியில் எடுத்து வைப்பதற்குள் நெருங்கி வந்து நிற்கும் பறவைகளைக் கல் எறிந்து விரட்டியிருக்கிறேன். மொட்டைக் கழுத்தும், இறைச்சிக்குள் தலையை விட்டு எடுத்த கோலமும், யாருக்கு ரசிக்கும்?

1990களின் தொடக்கத்தில் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து கால்நடைகளுக்கு வந்தது. அதற்கு முன்னும் வலிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து வைத்திருந்தோம். இதைப் போல எதுவும் வேலை செய்ததில்லை. மடிநோய் கண்டு மடி கல்லாக இறுகிய பசு, கோமாரியில் குளம்பு வெடித்து நொண்டும் எருது, கன்று ஈன முடியாமல் அலைக்கழிந்து படுத்த மாடு, எல்லாவற்றுக்கும் பதினைந்து மி.லி. தசையில் போட்டால் சாயங்காலத்துக்குள் தீவனத்தில் வாய் வைக்கும். 'டாக்டர் ஐயா கை வைத்தால் மாடு எழுந்து நிற்கும்' என்று எனக்குப் பெயர் வந்தது அந்த ஊசியால்தான். விலையும் குறைவு. யோசிக்காமல் போட்டேன். நோய் முற்றி, எப்படியும் பிழைக்காது என்று தெரிந்த மாட்டுக்கும் போட்டேன். வலி இல்லாமலாவது போகட்டும் என்றுதான். அதில் எனக்கு இன்றும் வெட்கம் இல்லை. வலியோடு கிடக்கும் உயிரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க நான் படிக்கவில்லை. ஆனால் பறவைகளைக் கொன்றது பிழைத்த மாடுகள் அல்ல. ஊசி போட்டும் பிழைக்காமல் இரண்டொரு நாளில் செத்த மாடுகள்தான்.

நடப்பது இதுதான். மருந்து மாட்டின் உடலிலிருந்து முழுவதும் வெளியேறுவதற்குள் மாடு செத்துவிட்டால், ஈரலிலும் சிறுநீரகத்திலும் தசையிலும் அது தங்கியிருக்கிறது. அந்த இறைச்சியைப் பாறு தின்கிறது. பறவைகள் நம்மைப் போலச் சிறுநீர் கழிப்பதில்லை. கழிவை யூரிக் அமிலமாக, வெள்ளைக் குழம்பாக வெளியேற்றுகின்றன. டைக்ளோஃபினாக் பாறின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. வெளியேற வழியில்லாத யூரிக் அமிலம் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு பூசியது போலப் படிகிறது. பறவை கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருக்கும். சில நாட்களில் கீழே விழும். அழுகலில் பெருகும் கிருமிகளை எல்லாம் செரித்துவிடும் வயிறு அது. நாங்கள் போட்ட வலி மருந்து அதன் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தது. பாறுகள் பந்தியாகச் சாப்பிடுகிறவை என்பதால் ஒரு மாட்டுப் பிணம் ஒரு கூட்டத்தையே முடித்துவிடும்.

இதைக் கண்டுபிடித்த கதையை உங்கள் கட்டுரையாளர் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். எனக்கு அதுதான் முக்கியம். ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் 1990களின் பிற்பாதியில் பாறுகள் கொத்துக்கொத்தாகச் சாவதைக் கவனித்துச் சொன்னார். ஏதோ வைரஸ் என்றார்கள் சிலர். பூச்சிக்கொல்லி என்றார்கள் சிலர். பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவரின் குழு செத்த பறவைகளை அறுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தது. வைரஸ் இல்லை, பூச்சிக்கொல்லி இல்லை, ஈயம் இல்லை. கடைசியில் அவர்கள் செய்த காரியம் மிக எளிமையானது. கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் போய், 'மாட்டுக்கு நீங்கள் போடுகிற மருந்தின் பெயர்கள் என்ன?' என்று கேட்டார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடிய மருந்து ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தது. உறுப்புகளில் வெள்ளை படிந்து செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள்; 25இலும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணத்தால் செத்தவற்றில் ஒன்றில்கூட இல்லை. 2004இல் இந்த ஆய்வு வெளியானது.

எத்தனை ஆய்வுக்கூடம், எத்தனை ஆண்டு. கதவைத் திறந்தது ஒரு கேள்வி. ஊசியின் பெயர் என்ன?

இந்தக் கேள்வியை என்னிடம் முப்பத்தொரு ஆண்டுகளில் யாரும் கேட்டதில்லை. 'காய்ச்சல் ஊசி', 'வலி ஊசி', 'சத்து ஊசி' என்று நாங்கள் சொல்வோம், அவர்கள் தலையாட்டுவார்கள். நானும் சொல்ல வேண்டும் என்று நினைத்ததில்லை.

சென்ற மழைக்காலத்தில் என் பழைய நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். போட்ட ஊசிகளை எல்லாம் அன்றன்றைக்கு எழுதி வைப்பது என் பழக்கம். இறந்த மாட்டின் பதிவுக்கு நேரே ஒரு பெருக்கல் குறி போடுவேன். 1999ஆம் ஆண்டை மட்டும் எண்ணினேன். டைக்ளோஃபினாக் 412 முறை. ஊசி போட்ட மூன்று நாட்களுக்குள் பெருக்கல் குறி விழுந்தவை ஒன்பது. 412இல் ஒன்பது என்றால் மோசமான மருத்துவன் அல்ல என்று அந்த வயதில் பெருமைப்பட்டிருப்பேன். ஆனால் ஆய்வாளர்கள் போட்ட கணக்கு வேறு. 130 முதல் 760 பிணங்களுக்கு ஒன்று என்ற அளவில் நஞ்சு கலந்திருந்தாலே போதும், நம் கண்முன் நடந்த அந்த வீழ்ச்சி முழுவதும் நடந்துவிடும் என்கிறார்கள். 760இல் ஒன்று. என்னிடம் ஓர் ஆண்டில், ஒரே மருந்தகத்தில், ஒன்பது.

அதே நாட்குறிப்புகளில் இன்னொன்றையும் தேடினேன். பாறுகளைக் கடைசியாக எந்த ஆண்டு பார்த்தேன்? எங்கும் இல்லை. மழை பெய்ததை எழுதியிருக்கிறேன், ஜீப் பழுதானதை எழுதியிருக்கிறேன், மேலதிகாரியின் கடுஞ்சொல்லை எழுதியிருக்கிறேன். பிணத்துக்குப் பறவை வராததை எழுதவில்லை. கல் எறிந்து விரட்ட வேண்டிய தொல்லை ஒழிந்ததுகூட என் கவனத்துக்கு வரவில்லை. 1992இலிருந்து 2007க்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 விழுக்காடு சரிந்தது. ஆயிரத்தில் ஒன்று மிஞ்சியது. கருங்கழுத்துப் பாறு ஏறத்தாழ 97 விழுக்காடு. காட்டை வெட்டியதாலோ துப்பாக்கியாலோ நடந்த சரிவு அல்ல இது. என்னைப் போன்றவர்கள் நல்லெண்ணத்தோடு செய்த வேலையால் நடந்தது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும், ஐந்து வயதுக்குப் பிறகே இணை சேரும் பறவை எப்படித் தாக்குப்பிடிக்கும்? திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போன காட்சியை என் வயதுக்காரர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். அவையும் வருவது நின்று வெகுகாலம் ஆகிறது.

இந்திய அரசு 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. எங்களுக்குச் சுற்றறிக்கை வந்தது. அப்போது என் பையில் ஏழெட்டுப் பாட்டில்கள் இருந்தன. வீணாக்குவானேன் என்று அவற்றைப் போட்டு முடித்த பிறகுதான் நிறுத்தினேன். இந்தக் கடிதத்தில் என் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்கு இந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

தடைக்குப் பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் தடையில்லாமல் கிடைத்தது. அதில் 30 மி.லி. பாட்டில் வந்தது. மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மி.லி. போதும். 30 மி.லி. யாருக்கு? எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. 2015இல்தான் ஒரு வேளைக்கான 3 மி.லி. குப்பியாக மட்டுமே விற்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. பிறகு 2023இல் கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபினாக் என்ற வலி மருந்துகள் இரண்டும் கால்நடைக்குக் கூடாது என்று தடை வந்தது. அசெக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. முன்வாசலை அடைத்தால் கொல்லைப்புறமாக வருகிற விருந்தாளி. 2024 டிசம்பர் கடைசியில் நிமெசுலைடும் தடைப் பட்டியலில் சேர்ந்தது.

ஆக, டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், கீட்டோப்ரோஃபென், நிமெசுலைடு. இந்த நான்கும் மாட்டுக்கு, ஆட்டுக்கு, எருமைக்குப் போடக் கூடாது. சட்டப்படியே கூடாது. ஃப்ளூனிக்சின் என்று இன்னொன்று இருக்கிறது. அதன் மேலும் சந்தேகம் உண்டு, நானாக இருந்தால் போட மாட்டேன். போடக் கூடியவை மெலாக்சிகாம், டோல்ஃபெனமிக் அமிலம். இரண்டும் பாறுகளுக்குக் கெடுதல் செய்வதில்லை என்று பறவைகளுக்கே கொடுத்துப் பார்த்துச் சோதித்திருக்கிறார்கள். மடிநோய்க்கும் காய்ச்சலுக்கும் மெலாக்சிகாம் நன்றாகவே கேட்கிறது. 'டைக்ளோ அளவுக்கு வேகம் இல்லை' என்று என் சக மருத்துவர்கள் சிலர் இன்னும் முணுமுணுக்கிறார்கள். பணியின் கடைசி எட்டு ஆண்டுகள் மெலாக்சிகாமை வைத்துத்தான் ஓட்டினேன். எந்த மாடும் அதனால் சாகவில்லை. என் கைராசிப் பெயர் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான்.

இந்தப் பெயர்களைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். கடிதம் நீளம் என்றால் என் புலம்பலை வெட்டுங்கள்.

இனி, மாடு வைத்திருக்கிறவர்களுக்கு. ஒரு பழைய நோட்டு எடுத்துத் தொழுவத்தில் மாட்டி வையுங்கள். யார் வந்து ஊசி போட்டாலும், மருத்துவரோ, கால்நடை ஆய்வாளரோ, கருவூட்டலுக்கு வருகிறவரோ, பாட்டிலை வாங்கிப் பெயரைப் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மனிதனுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டில் மருந்தின் பெயர் இருக்கிறது. மாட்டுக்கு ஏன் இருக்கக் கூடாது? எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இரண்டு பசு வைத்திருக்கிறார். எழுதப் படிக்க ஓரளவுதான் தெரியும். அவரிடம் இந்த நான்கு பெயர்களையும் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தேன். சில மாதங்களுக்கு முன், தடை எல்லாம் வந்த பிறகு, அவருடைய பசுவுக்குக் காய்ச்சல். வந்தவர் சிரிஞ்சில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன ஊசிங்க ஐயா?"

"காய்ச்சல் ஊசிதான் அம்மா."

"அது தெரிகிறது. பெயர் என்ன?"

"பெயர் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?"

"நோட்டில் எழுத வேண்டும்."

அவர் சலிப்போடு பாட்டிலை நீட்டியிருக்கிறார். பாட்டிலில் ஆங்கில எழுத்து. என் அட்டையில் தமிழோடு ஆங்கில எழுத்தையும் போட்டிருந்தேன். அம்மா அட்டையைக் கொண்டுவந்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்திருக்கிறார். அசெக்ளோஃபினாக். "இது வேண்டாங்க ஐயா, வேறு போடுங்கள்" என்றாராம். வந்தவர் கோபித்துக்கொண்டு, 'யார் சொன்னது?' என்று கேட்டு, கடைசியில் வண்டிப் பெட்டியிலிருந்து மெலாக்சிகாமை எடுத்துப் போட்டிருக்கிறார். கவனியுங்கள், பெட்டியிலேயே இருந்திருக்கிறது. கேட்காததால் எடுக்கவில்லை. பசு மூன்றாம் நாள் வழக்கம்போல் கறந்தது.

மருந்துக் கடையில் நீங்களாக மனிதர் ஊசியை வாங்கி மாட்டுக்குப் போடாதீர்கள். தடைக்குப் பிறகு பல ஆண்டுகள் கழித்தும், வாடிக்கையாளர் போலப் போய்க் கேட்டவர்களுக்குக் கடைகளில் மாட்டுக்கென்று டைக்ளோஃபினாக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. 'மாட்டுக்கு' என்று சொல்லி வாங்குகிறவருக்கு மறுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. வலி மருந்து போட்ட சில நாட்களுக்குள் மாடு செத்துவிட்டால், என்ன மருந்து என்று உறுதியாகத் தெரியாவிட்டால், ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். வெளியில் போடாதீர்கள்.

காட்டோரம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சிறுத்தையோ புலியோ மாட்டை அடித்துவிட்டால் ஆத்திரம் வருவது இயல்பு. கடன் வாங்கி வாங்கிய பசு அது. ஆத்திரத்தில் மிச்சமிருக்கும் உடலில் குருணைப் பூச்சிமருந்தைத் தூவி வைக்கிறார்கள். சிறுத்தை திரும்பி வருகிறதோ இல்லையோ, பாறு முதலில் வருகிறது. வானத்திலிருந்து பார்க்கிறதே! காக்கையும் நாயும் நரியும் கூடச் சாகின்றன. இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடுமையான குற்றம். வனத்துறை இழப்பீடு தருகிறது. தாமதமாகத் தருகிறது என்ற புகாரும் உண்மை. நானே சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணம் வந்து சேர மாதக்கணக்கில் ஆனதைப் பார்த்திருக்கிறேன். 'பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும்' என்று சொல்கிறவர்கள் அந்தப் பணத்தை ஒரு வாரத்தில் கொடுத்துப் பார்க்கட்டும், குருணை தூவும் கை தானாகத் தயங்கும். இதை நீங்கள் ஒரு செய்தியாக எடுத்து எழுதினால் ஆயிரம் விழிப்புணர்வுப் பேரணிகளுக்குச் சமம். பதாகை பிடித்து வெயிலில் நடக்கும் பள்ளிப் பிள்ளைகள் யாரும் மாட்டுக்கு ஊசி போடுவதில்லை.

மாடும் இல்லை, காடும் இல்லை, நகரத்தில் இருக்கிறேன் என்பவர்கள் இவ்வளவு தூரம் படித்திருந்தால் நன்றி. உங்களுக்கும் வேலை இருக்கிறது. பால் வாங்குகிறீர்கள் அல்லவா? கொண்டுவந்து ஊற்றுகிறவரிடம் ஒரு நாள் அந்த நான்கு பெயர்களைச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் கேளுங்கள். மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் கூடு இருக்கும் மரங்களையும் பாறைகளையும் தேடிக்கொண்டு போகாதீர்கள், அங்கே ட்ரோன் விடாதீர்கள். நீலகிரிக்கு வடக்கே ஓடும் மாயாற்றின் கரையில் நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுவது மழைக்காலத்தில் தொடங்கிக் கோடை வரை நீள்கிறது. ஒரே முட்டை, தாய்ப்பறவை மிரண்டு எழுந்து போனால் அந்த ஆண்டு அந்த இணைக்கு முடிந்தது. நோயுற்ற, செத்த பாறு கண்ணில் பட்டால் புதைக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அறுத்துப் பார்த்தால்தான் எந்த மருந்து என்று தெரியும். புதைத்துவிட்டால் சாட்சி போய்விட்டது.

'இந்தப் பறவை போனால் எனக்கென்ன?' என்று என்னிடமே ஒரு இளைஞர் கேட்டார். நேர்மையான கேள்வி. பாறு வராத மேட்டில் பிணம் கிடந்தால் நாய்கள் வருகின்றன, பெருகுகின்றன. அழுகல் மழையில் கரைந்து கிணற்றுக்கும் ஓடைக்கும் போகிறது. பாறுகள் மிகுதியாக இருந்து மறைந்துபோன மாவட்டங்களில் 2000க்கும் 2005க்கும் இடையில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கின்றன என்று, 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பொருளியல் அறிஞர்கள் இருவர் மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தத் தொகையைப் படித்த அன்று நான் நாட்குறிப்புகளை மறுபடி பரணில் ஏற்றிவிட்டேன். மேற்கொண்டு எண்ணவில்லை.

நம்பிக்கைக்கு இடம் இல்லாமல் இல்லை. ஹரியானாவில் பிஞ்சோரில் பாறுகளை வளர்த்துப் பெருக்கி வெளியில் விடும் முயற்சி நடக்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் பாறுகளுக்கென்று மாநில அளவில் குழு அமைத்தார்கள். 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் 246 பறவைகள் இருந்தன. அந்த ஆண்டின் இறுதியில் எடுத்த கணக்கில் 320. எண்ணிய இடங்கள் கூடினால் எண்ணிக்கையும் கூடும் என்பதால் இதை வைத்துக் கொண்டாட எனக்கு மனமில்லை, ஆனால் குறையவில்லை. வெண்முதுகு, கருங்கழுத்து, செந்தலை, மஞ்சள்முகம் என்று நான்கு வகையும் இன்னும் இருக்கின்றன. ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கக் கூடியவை என்பதால், காப்பகத்தின் வேலிக்குள் அவற்றைக் காத்துவிட்டோம் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. எந்தத் தொழுவத்து மாட்டில் அடுத்த பந்தி என்பது அவற்றுக்கே தெரியாது.

சென்ற ஆண்டு மகனோடு மாயாற்றுப் பக்கம் பஸ்ஸில் போனபோது, பள்ளத்தாக்கின் மேல் மூன்று பறவைகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டன. இறக்கையின் அடியில் வெள்ளைப் பட்டை. வெண்முதுகுப் பாறுதான். "அப்பா, பருந்தா?" என்றான் மகன். அவனுக்கு நாற்பது வயது; மாட்டு மருத்துவனின் பிள்ளை. அவன் மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவன் நினைவு தெரிந்து வானத்தைப் பார்க்கத் தொடங்கிய ஆண்டுகளில்தான் நான் ஊசியோடு அலைந்துகொண்டிருந்தேன். நாட்குறிப்பில் அன்றைய தேதிக்கு எழுதி வைத்திருக்கிறேன்: பாறு, மூன்று.

படத்துக்குத் திருத்தம் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். சரியான படத்தைத் தேர்ந்தெடுப்பது கடினம் அல்ல. தலையில் வெள்ளை இறகு பளபளத்தால் அது வேறு நாட்டுக்காரர். கழுத்து மொட்டையாக, நீளமாக, அதன் அடியில் பழைய கம்பளிச் சால்வை சுற்றியது போல இறகு வளையம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இல்லையே என்று உங்கள் பக்க வடிவமைப்பாளர் சொல்வார். அப்படியே போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்